டிக் ட்ரேசியின் மஞ்சள் கோட்டு

அண்ணாச்சி, 1990-இல் வந்த ‘டிக் ட்ரேசி’ படத்தின் நிறமெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. முழுப் படத்துக்கும் கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும் வழக்கம் ஹாலிவுட்டில் பரவியதே 2000-க்கு அப்புறம்தான்.

செஸ்டர் கூல்ட் என்ற ஓவியர் 1931-இல் தொடங்கிய, டிக் ட்ரேசி என்ற துப்பறிவாளனின் பத்திரிகைப் படக்கதைதான் இப்படிப் படமானது. பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை வண்ணத்தில் வரும் படக்கதைப் பக்கத்தின் அச்சு மை நிறம் திரையிலும் தெரியவேண்டும் என்று, இயக்கி நடித்த வாரன் பேட்டி ஏழு நிறங்களோடு நிறுத்திக்கொண்டார். ட்ரேசி போட்டிருக்கிற அந்த மஞ்சள் கோட்டு, துணியிலேயே மஞ்சள். தூரத்தில் தெரிகிற நகரம் பெரும்பாலும் கண்ணாடியில் கையால் தீட்டிய ஓவியம். வில்லன்களின் கோணல் மூஞ்சி, முகத்தில் ஒட்டிச் செய்த ஒப்பனை. ஒப்பனைக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கார் கிடைத்தது. (பாட்டுக்கு ஒன்று தனி.)

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கட்-அவுட் வரைந்துகொண்டிருந்த எங்கள் சித்தப்பா, நகத்திடுக்கில் எனாமல் காயாத கையோடு டிவியில் இதைப் பார்த்தார். ராத்திரி நகரக் காட்சி வந்ததும், “ஏல, இது பிரஷ் வேலைல்லா!” என்று கிட்டப் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு நொடியில் பிடிபட்டது.

கதை மெலிசு என்று சொன்னீர்களே, அதில் எனக்கும் மறுப்பில்லை.