உதடுகள் மட்டும் அசைந்தபோது

அம்மா இறந்தபின் பல மாதங்கள் என்னால் வாய்விட்டு ஜெபிக்க முடியவில்லை. ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன். திருகித் திருகியே என் கைக்குட்டையின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. ஒருநாள் மூத்த சகோதரர் ஒருவர், "விசுவாசத்தில் தளர்ந்துவிட்டீர்களா, சகோதரி?" என்றார். அக்கறையோடுதான் கேட்டார். ஆனாலும் வலித்தது.

அன்றிரவு வேதாகமத்தில் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசித்தேன். சீலோவிலிருந்த ஆலயத்தில், பிள்ளையில்லாத அன்னாள் ஒரு மகனைக் கேட்டு அழுது ஜெபிக்கிறாள். ஆலயத்தின் வாசலருகே ஆசனத்தில் இருந்த ஆசாரியன் ஏலி "அவள் வாயைக் கவனித்துக்கொண்டிருந்தான்" என்கிறது 12ஆம் வசனம். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டான். ஆலயமே கதியென்று இருந்தவனுக்கு, எதிரில் நடப்பது ஜெபம் என்று தெரியவில்லை! வீட்டில், பிள்ளைகளைப் பெற்ற சக்களத்தி பெனின்னாளின் குத்தல் பேச்சு. கணவன் எல்க்கானாவோ, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேலல்லவா என்று கேட்கிறான். அவன் அவளை நேசித்தான், அதில் சந்தேகமில்லை. அவளுடைய துக்கம்தான் அவனுக்கு எட்டவில்லை.

பெண்கள் அன்னாளைப்போல அடக்கமாக இருக்க வேண்டும் என்று பிரசங்கிப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏலி கடிந்தபோது அவள் வாய்மூடி நின்றாளா? "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று மரியாதையோடு மறுத்தாள். "கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்றாள். கடைசியில் ஏலிதான் தன் பேச்சை மாற்றி, அவளைச் சமாதானத்தோடே அனுப்பினான். அடுத்த அதிகாரத்தில் "பலவான்களின் வில் முறிந்தது" என்று அவள் பாடுவதையும் வாசித்துப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் கழித்து இயேசுவின் தாய் மரியாள் பாடிய பாட்டில் அந்தக் குரல் மறுபடி கேட்கிறது.

யூத மதபோதகர்களான ரபீக்கள் ஜெபிக்கும் முறையை அன்னாளிடமிருந்தே எடுத்துக்கொண்டதாக அவர்களுடைய போதனை நூலான தால்முத் சொல்கிறது: உதடுகள் அசைய வேண்டும், குரல் உயரக் கூடாது. குடித்திருக்கிறாள் என்று அதட்டப்பட்டவளின் உதடுகளே அவர்களுக்குப் பாடமாயின.

என்னை உடைத்தது 18ஆம் வசனம். அவள் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை." பின்னால் அவளுக்குப் பிறந்த மகன் சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை. கையில் எதுவும் கிடைக்காமலேயே அவள் முகம் மாறியிருந்தது. வேதாகமத்தை மூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

சென்ற வாரம் கூட்டத்தில், சுவரோரமாக ஓர் இளம்பெண் கண்களை மூடி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அவள் அருகில் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை.