பெட்டியின் மேல் ‘ஸ்டுடியோ சவுண்ட்’, பதிவில் ‘டப்’

என் கம்ப்யூட்டரின் மதர்போர்டு (எல்லா பாகங்களும் மாட்டப்படும் தாய்ப்பலகை) வந்த அட்டைப்பெட்டியில் ‘ஆடியோ’ என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஒருநாள் ஆத்திரத்தில் எண்ணிப் பார்த்தேன். ஏழு இடம். ஸ்டுடியோ தரம் என்று ஓரிடத்தில். தங்க நிறக் கப்பாசிட்டர் என்று இன்னோரிடத்தில். 120 டெசிபல் என்று கொட்டை எழுத்தில். ஒலிப் பகுதியைத் தனியாகப் பிரித்து நடுவில் கோடு போட்டிருக்கிறோம் என்று படம் வேறு. அந்தக் கோடு இருட்டில் எரியுமாம்! வீட்டில் பாட்டு பதிவு செய்வதற்கென்றே கம்ப்யூட்டர் கட்டுகிற என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நம்பி வாங்கினேன். அந்த ஏழில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

ஏன் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பதிவு செய்கிறவர் யாரும் மைக்கைக் கொண்டுபோய் மதர்போர்டில் செருகுவதில்லை. மைக் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் போகும். அங்கேயே ஒலி எண்களாக மாறி, யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வரும். போர்டில் இருக்கும் சவுண்டு சிப்புக்கு இந்தப் பாதையில் வேலையே இல்லை. கம்ப்யூட்டரைக் கட்டியதும் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும்புவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போய் முதலில் அணைப்பதே அதைத்தான். கல்யாணத்துக்கு நமக்குப் பிடித்த சமையல்காரரை வரவழைத்த பிறகும், மண்டபத்தோடு கட்டாயமாக ஒட்டிக்கொண்டு வரும் சமையல்காரருக்கும் கூலி அழுவோமே, அந்தக் கதை.

எனக்கு போர்டிடம் வேண்டியது சொற்பம். பதிவு ஓடும்போது குறுக்கே வராதே. சத்தம் போடாதே. யூஎஸ்பியை ஒழுங்காக வைத்துக்கொள். இந்த மூன்றைப் பற்றியும் பெட்டியில் ஒரு வரி கிடையாது.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவர் மிருதங்கம் வாசிக்க வந்திருந்தார். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களை அடைத்து, கீழ்வீட்டு மிக்சி ஓயும் வரை காத்திருந்து தொடங்கினோம். மிஸ்ர சாப்பு தாளத்தில் தனி ஆவர்த்தனம். மோரா, கோர்வை என்று மனிதர் எங்கேயோ போய்விட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடித்துவிட்டு ஹெட்போனில் போட்டுக் கேட்டால், கோர்வையின் இரண்டாவது சுற்றில் ‘டப்’. எந்த மிருதங்கத்திலும் பிறக்காத டப். சற்றுத் தள்ளி இன்னொன்று. 11 நிமிடத்தில் நான்கு. “விடு, இன்னொரு தடவை வாசிச்சிடுறேன்” என்றார். வாசித்தார், நன்றாகவும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது வரவில்லை. இனி வரவும் வராது.

கேபிளை மாற்றினேன். இன்டர்ஃபேஸின் டிரைவரை (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) மாற்றினேன். விண்டோஸையே துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டு வாரம் இப்படிப் போன பிறகுதான் எந்த டிரைவர் தாமதப்படுத்துகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை யாரோ சொல்லி ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் குற்றவாளிகளின் பட்டியலைக் கையில் கொடுத்தது. தலைமை வகித்தவர் யார் தெரியுமா? போர்டோடு இலவச இணைப்பாக வந்த வைஃபையின் டிரைவர்!

நடப்பது இதுதான். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்த எண்) என்ற கணக்கில், பஃபரை (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் அளவு) 64 சாம்பிள் என்று வைத்தால், கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் 1.33 மில்லி செகண்டு. அதற்குள் ஒரு கவளம் ஒலியை வாங்கி, வேலையை முடித்து, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் விண்டோஸில் எந்த டிரைவரும் ‘எனக்கு அவசரம்’ என்று வரிசையில் குறுக்கே புகலாம். ரேஷன் கடையில் ஒருவர் “ஒரே ஒரு கையெழுத்துதான்” என்று முன்னால் புகுந்து அரை மணி நேரம் நிற்பாரே, அதேதான். புகுந்த டிரைவர் 2 மில்லி செகண்டு எடுத்துக்கொண்டால் நம் கவளம் தவறிவிடும். அந்த இடத்தில் டப்.

“பஃபரை 512 ஆக்கிக்கோங்க, சரியாயிடும்” என்பார்கள். ஆகும். ஆனால் 512 என்றால் ஒரு வழிக்கே 10.67 மில்லி செகண்டு. போக வர 20-ஐத் தாண்டும். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் போகிறது. அப்படியென்றால் கம்ப்யூட்டர் வழியாக ஹெட்போனில் தன் வாசிப்பைக் கேட்கிறவருக்கு, தான் தட்டிய தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ஏழு மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்கிறது. மிஸ்ர சாப்பு வாசிக்கிறவரிடம் இதை அனுசரித்துப் போகச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

வைஃபையை பயாஸில் அணைத்தேன். பாதி டப் ஒழிந்தது. மீதி பாதிக்குக் காரணம் யூஎஸ்பி. என் போர்டின் பின்பக்கம் எட்டு துளைகள். அவற்றில் சில நேராக ப்ராசஸருக்குப் போகின்றன, சில சிப்செட்டுக்கு (ப்ராசஸருக்கும் மற்ற பாகங்களுக்கும் இடையே நிற்கும் சிப்), சில நடுவில் உட்கார்ந்து ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஒரு ஹப் சிப்புக்கு. எது எங்கே போகிறது என்று துளையின் பக்கத்திலும் எழுதவில்லை, புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு துளையாக மாற்றிச் செருகி, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் பதிவை ஓடவிட்டுக் கண்டுபிடித்தேன். கடைசியில் கீபோர்டும் மவுஸும் ஒரு பக்கம், இன்டர்ஃபேஸ் மட்டும் தனியாக மறுபக்கம் என்று வைத்ததும் அமைதி. சுற்று வரைபடம் என்று அரைப்பக்கம் அச்சடித்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். அதற்கு இடமில்லாத புத்தகத்தில் விளக்கின் நிறத்தை மாற்றுவது எப்படி என்று ஆறு பக்கம்!

யூஎஸ்பி சொதப்புவது என் ஒருவன் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். 2021-இல் தன் 500 வரிசை சிப்செட் போர்டுகளில் யூஎஸ்பி இணைப்பு விட்டுவிட்டு அறுகிறது என்று ப்ராசஸர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. இது எனக்கு நேர்ந்ததல்ல, ஊரறிந்தது. அந்தச் சில மாதங்களில் எத்தனை பேர் பாடி முடித்த பாட்டு பாழானதோ.

யூஎஸ்பி என்றதும் அந்தப் பெயர்க் கூத்து நினைவுக்கு வருகிறது. 2008-இல் வந்தது யூஎஸ்பி 3.0. பிறகு அதையே 3.1 ஜென் 1 என்றார்கள். அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒன்றுதான், அதே 5 ஜிகாபிட். பிள்ளைக்கு மூன்று முறை பெயர் சூட்டுவிழா நடத்தி மூன்று முறையும் மொய் வாங்குகிறார்கள். நமக்கோ அந்த வேகமே தேவையில்லை. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட். எட்டு சேனல் பதிந்தாலும் பத்தைத் தொடாது. பழைய யூஎஸ்பி 2.0-வின் கணக்கே 480. வேகம் அல்ல ஐயா, விட்டுப்போகாமல் வந்தால் போதும்.

அடுத்த கூத்து, சாம்பிள் கோப்புகளுக்காக (முன்பே பதிந்துவைத்த வாத்திய ஒலிகள்) இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்பு அட்டை) வாங்கி மாட்டியபோது. மாட்டி ஆன் செய்தால், பழைய பதிவுகள் எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்கைக் காணவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டிஸ்க் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். பிறகு புத்தகத்தின் அடிக்குறிப்பில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்: இந்த எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் சாட்டா 5, 6 வேலை செய்யாது. சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க் மாட்டும் துளை. பெட்டியில் மட்டும் ‘மூன்று எம்.2, ஆறு சாட்டா’ என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். ஒன்பதையும் சேர்த்து மாட்ட முடியாது என்பதை வாங்குவதற்கு முன் யாரும் சொல்லவில்லை.

ராமிலும் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) இதே வித்தை. நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று டிடிஆர் 5 வகை ராமை நான்கிலும் போட்டால் பல போர்டுகளில் வேகம் இறங்கிவிடும். இரண்டே பெரிய குச்சியாக வாங்குவதுதான் நல்லது. அப்புறம் எதற்கு மீதி இரண்டு? அழகுக்கு.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் வந்த ஏஎம்டியின் எக்ஸ் 570 சிப்செட் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் சிப்செட்டின் மேலேயே பொடி மின்விசிறி ஒன்று வைத்திருந்தார்கள். விளையாடுகிறவருக்கு ஹெட்போனில் துப்பாக்கிச் சத்தம், அவருக்கு அது எங்கே கேட்கப் போகிறது. மைக்கை வைத்துக்கொண்டு வீணையின் கடைசி கார்வை அடங்குவதற்காக மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறவனுக்குக் கேட்கும்.

போன வாரம் தெரிந்த பையன் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் கட்ட சென்னை ரிச்சி தெருவுக்குத் துணைக்குப் போனேன். வெயிலில் நான்கு கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் முதல் கேள்வி, “என்ன கேம் சார் ஆடுவீங்க?” யூஎஸ்பி துளைகள் எந்த சிப்புக்குப் போகின்றன என்று கேட்டால், அரசாங்க ஆளோ என்பது போலப் பார்க்கிறார்கள். ஐந்தாவது கடையில் நானே முந்திக்கொண்டேன்.

“கேம் இல்லப்பா. ரெக்கார்டிங். வீட்டு ஸ்டுடியோவுக்கு.”

கடைப்பையனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “ஸ்டுடியோவுக்கா சார்? முதல்லயே சொல்லக்கூடாதா?” என்று ஸ்டூலில் ஏறி, மேல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசு தட்டி மேஜையில் வைத்தான். “இதை எடுத்துக்கோங்க. சவுண்டுக்குன்னே பண்ண போர்டு.”

ஏழு இடத்தில் ஆடியோ என்று போட்டிருந்தது.