இன்னும் ஒரே ஒரு லோடுதான்க்கா

நேத்து ராத்திரியும் எங்க தெருவுல யாரும் தூங்கல. இந்த மாசத்துல இது நாலாவது தடவை. இதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால முடியாது.

பக்கத்து மனையில, கட்டடம் முழுசுக்கும் அடியில ஒரே பாளமா போடற அஸ்திவாரம்: ராஃப்ட் கான்கிரீட். சென்னையில மாம்பலம், கோடம்பாக்கம், அடையாறு, அண்ணா நகர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்த ரெண்டு வார்த்தை போதும், மிச்சத்தை நான் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்றேன். சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிரும்.

ராத்திரி 9.40க்கு பம்ப் வண்டி வந்துச்சு. தெருவுக்குள்ள திரும்ப இடம் கிடையாது, அதனால முனையிலிருந்தே ரிவர்ஸ்ல வரணும். பீப், பீப், பீப்னு இருபது நிமிஷம். எதிர்வீட்டுக் காரை எடுக்கச் சொல்லி ஹாரன். கேபிள் ஒயரைக் கம்பால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன் "ஆனே தோ, ஆனே தோ"ன்னு, வரட்டும் வரட்டும்னு இந்தியில கத்திக்கிட்டே பின்னாடி நடந்து வர்றான். நான் கீழ இறங்கிப் போனேன். சூபர்வைசர் தம்பிக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். மரியாதையாத்தான் பேசுவான்.

"எத்தனை லோடு தம்பி?"

"நாலஞ்சுதான்க்கா. பதினொண்ணுக்குள்ள முடிச்சிருவோம்."

10.20க்கு முதல் ரெடிமிக்ஸ் லாரி, கலந்த கான்கிரீட்டை டிரம்ல சுத்திக்கிட்டே கொண்டு வர்றது. அதுக்கப்புறம் நான் எண்ண ஆரம்பிச்சேன். வேற என்ன செய்ய? பதினொண்ணே காலுக்கு நாலாவது லாரி காலியாகிக் கிளம்புது, பின்னாடியே அஞ்சாவது நுழையுது. மறுபடியும் கீழ போனேன். "இன்னும் ஒரே ஒரு லோடுதான்க்கா." பன்னெண்டே காலுக்கு எட்டாவது லாரி. "இதான்க்கா கடைசி. ப்ராமிஸ்." பன்னெண்டே முக்காலுக்குப் பத்தாவது. அப்போ அவன் என் முகத்தைப் பார்க்கல, போனைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "ஒரே ஒரு லோடு."

ஒவ்வொரு லாரிக்கும் அதே வரிசைதான். ரிவர்ஸ் பீப். டிரம் வேகம் எடுத்துச் சுத்துற உறுமல். சரிவுத் தகட்டை இழுத்து மாட்டும்போது டமால்னு ஒரு சத்தம். பம்ப் இழுக்கற இழுப்புல எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி உதறும். அப்புறம், கொட்டின கான்கிரீட்டை அதிர வச்சுப் படிய வைக்கற அந்த வைப்ரேட்டர். பல் டாக்டர் கிட்ட உட்கார்ந்திருக்கும்போது காதுக்குள்ள கேக்குமே, அதை ஒரு வீட்டு அளவுக்குப் பெருசாக்கினா எப்படி இருக்கும்? அது ஒவ்வொரு லோடுக்கும் கால் மணி நேரம். காலியான லாரியைக் கழுவ டிரைவர் ஹோஸ் பைப் பிடிப்பான், சிமென்ட் தண்ணி தெருவோட ஓடும். அடுத்த பீப்.

ஒண்ணரை மணிக்கு ஹால்ல வெளிச்சம். போய்ப் பார்த்தா அம்மா குளிச்சு முடிச்சு, சாமி விளக்கை ஏத்தி வச்சிட்டு, அடுப்புல பால் வைக்கப் போறாங்க. எழுபத்தொன்பது வயசு. "விடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன்டி"ங்கறாங்க. அந்த சைட்ல ரெண்டு ஃப்ளட் லைட் போட்டிருக்காங்க, அதுல ஒண்ணு நேரா அம்மா ரூம் ஜன்னலைப் பார்த்து நிக்குது. திரையைத் தாண்டி சுவர் பூரா வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்து சூரியன்னு நினைச்சு எழுந்து, அந்த நேரத்துல பச்சைத்தண்ணியில குளிச்சிருக்காங்க. கையைத் தொட்டா சில்லுன்னு இருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

அவசர எண்ணுக்குப் போன் போட்டேன். ரோந்துக்கு வந்த ரெண்டு பேர் இறங்கிப் பேசினாங்க. எல்லாம் நின்னுச்சு. சரியா பதினொரு நிமிஷம். வண்டி தெருமுனை திரும்பினதும் டிரம் மறுபடியும் சுத்த ஆரம்பிச்சிருச்சு.

4.20க்குக் கடைசி லாரி போச்சு. மொத்தம் இருபத்து மூணு. நாலஞ்சுன்னு சொன்ன வாய், இருபத்து மூணுன்னு முதல்லயே சொல்லியிருந்தா அம்மாவை சாயந்திரமே ஆவடியில தம்பி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ராஃப்டுக்கு எத்தனை கன மீட்டர் வேணும், ஒரு லாரிக்கு ஆறு கன மீட்டர்னா எத்தனை லாரி ஆகும்னு அவனுக்குத் தெரியாதா? ஆர்டர் போட்ட அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல.

ஏன் ராத்திரியில போடறாங்கன்னு எனக்கும் தெரியும், யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டாம். பகல்ல ஊருக்குள்ள பெரிய லாரி ஓட நேரக் கட்டுப்பாடு இருக்கு. பிளான்ட்டிலிருந்து கிளம்பின கலவையை இறுகறதுக்குள்ள கொட்டியாகணும், டிராஃபிக்ல மாட்டினா வீண். ராஃப்டை நினைச்ச இடத்துல நிறுத்தினா பழைய கான்கிரீட்டும் புதுசும் சரியா ஒட்டாது. எல்லாம் சரி. ஆனா இதெல்லாம் உங்க வேலையோட கஷ்டம். அதைத் தூக்கி எங்க அம்மா தலைமாட்டுல ஏன் வைக்கறீங்க? சட்டம் தெளிவா இருக்கு. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல ராத்திரின்னா பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. குடியிருப்புப் பகுதியில அந்த நேரத்துக்கு 45 டெசிபல்தான். 2010-ல திருத்தம் போட்டு, சத்தம் போடற கட்டுமான மெஷினை குடியிருப்புப் பகுதியில ராத்திரி இயக்கவே கூடாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. இயக்கவே கூடாது. இதை போன்ல எடுத்து சூபர்வைசர்கிட்ட காட்டினேன். "மேல பேசிக்கோங்கக்கா"ன்னான். அந்த மேல இருக்கறவர் எந்த ஏரியாவுல தூங்கறாரு? அவர் ஜன்னலுக்கு நேரா ஒரு ஃப்ளட் லைட்டை வைக்க எனக்கு ஒரு ராத்திரி கொடுங்க.

அங்க வேலை செய்யற பையங்க மேல எனக்குக் கோபம் இல்ல. பீகார்லயிருந்தும் ஒடிசாவுலயிருந்தும் வந்தவங்க. அவங்களும்தான் விடிய விடிய முழிச்சிருக்காங்க. மூணு மணிக்கு ஒரு பையன் கம்பிக்கட்டு மேலயே உட்கார்ந்து தூங்கி வழிஞ்சான், ஒருத்தன் தட்டி எழுப்பினான். எட்டு மணிக்கு மறுபடியும் அதே பையன் தலையில சட்டியோட நிக்கறான்.

அந்த இடத்துல முன்னாடி நின்னது 1984-ல கட்டின எட்டு ஃப்ளாட். தரைத்தளமும் மேல ரெண்டு மாடியும். பால்கனியில காரை பெயர்ந்து கம்பி துருப்பிடிச்சுத் தெரிஞ்சது வாஸ்தவம், அவங்க இடிச்சுக் கட்ட நினைச்சதுல தப்பே இல்ல. அது மட்டும் காரணமும் இல்ல. 2019-ல வந்த கட்டட விதிகள்ல எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, ஒண்ணரையிலிருந்து ரெண்டாச்சு. 18.30 மீட்டருக்கு மேல போற உயரமான கட்டடத்துக்கு, ரோடு அகலமா இருந்தா, 3.25 வரைக்கும். அன்னியிலிருந்து இந்த ஊர்ல ஒவ்வொரு பழைய வீடும் நிக்கறதை விட இடிஞ்சா லாபம்னு ஆயிருச்சு. 1959-ல எல்ஐசிக்குப் பதினாலு மாடி எழும்பினப்போ அதைப் பார்க்கவே ஜனங்க மவுண்ட் ரோடுக்குப் போனாங்களாம், அம்மா சொல்வாங்க. இன்னிக்குப் பெரம்பூர்ல பின்னி மில் நின்ன இடத்துல அதை மாதிரி ரெண்டு மூணு மடங்கு உயரத்துக்கு நிக்குது. நிக்கட்டும். அகலமான ரோட்டுல, இடம் விட்டு, எத்தனை மாடி வேணும்னாலும் நிக்கட்டும். எங்க தெரு காகிதத்துல முப்பது அடி. டிரான்ஸ்ஃபார்மர், ரெண்டு பக்கமும் கார், மழைநீர் வடிகால் மேட்டு ஸ்லாப், இஸ்திரி வண்டி எல்லாம் போக மிச்சம் பதினஞ்சு அடி இருக்குமா? அந்தக் காகித முப்பதை வச்சு அனுமதி வாங்கிட்டு, இந்தப் பதினஞ்சுல இருபத்து மூணு லாரி விடறாங்க.

என்னை ரொம்பக் குத்தறது வேற ஒண்ணு. 2022-ல வந்த அடுக்குமாடிச் சட்டப்படி, மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கிட்டா பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்டலாம். எட்டு ஃப்ளாட்ல ஆறு பேர். அந்த ஆறு பேரும் கையெழுத்து போட்டாங்க, சாமான் ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்க, பில்டர் கொடுக்கற வாடகையில வேற தெருவுல இருக்காங்க. ரெண்டரை வருஷம் கழிச்சுப் புது வீட்டுக்கு வருவாங்க. நல்லா இருக்கட்டும். அந்த ரெண்டரை வருஷத்தையும் அனுபவிக்கப்போறது நாங்க. பின்வீடு, எதிர்வீடு, ரெண்டு பக்கத்து வீடு. எங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? ஒரு கையெழுத்து? எத்தனை நாள் ராத்திரி வேலை நடக்கும்னு ஒரு துண்டுச் சீட்டு? கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை மட்டும் எல்லா வீட்டுக்கும் வரும்.

தண்ணிக் கதை இன்னும் மோசம். எங்க பக்கம் பூரா பழைய ஏரி. லேக் வியூ ரோடுன்னு பேர் மட்டும் மிச்சம் இருக்கு. 1920-கள்ல அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரையே உண்டாக்கினாங்க. இங்க கார் நிறுத்த பேஸ்மென்ட் தோண்டினா தண்ணி வராம என்ன வரும்? பத்தொன்பது நாள், ராத்திரி பகலா மோட்டார் போட்டு இறைச்சு, அத்தனையும் தெரு வடிகால்ல விட்டாங்க. பதினோராவது நாள் எங்க போர்வெல் வத்திக் காத்து வாங்குச்சு. நான் லாரித் தண்ணி வாங்கினேன். அந்தத் தண்ணி லாரி, வடிகால்ல நுரைச்சு ஓடற எங்க நிலத்தடித் தண்ணிக்குப் பக்கத்துல நின்னு எங்க சம்ப்ல குழாயைச் சொருகுது. 2019 ஜூலைல ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்து குடிச்ச ஊருய்யா இது! அதுக்குள்ள மறந்து போச்சா?

சமையலறைச் சுவர்ல விரிசல் வேற. தோண்ட ஆரம்பிச்ச வாரம், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா ஒரு கோடு வந்துச்சு. அது முடியற இடத்துல பென்சில்ல ஒரு சின்னக் கோடு கிழிச்சுத் தேதி போட்டேன். ஒன்பது நாள்ல அந்தக் கோட்டைத் தாண்டிருச்சு. மறுபடியும் கோடு, மறுபடியும் தேதி. இப்போ நாலு தேதி இருக்கு, நாலையும் தாண்டி ஸ்விட்ச் போர்டு வரைக்கும் வந்துருச்சு. முதல்ல தலைமுடி மாதிரி இருந்தது, இப்போ தபால் கார்டு நுழையும். இஞ்சினீயர் வந்து விரல் நகத்தால சுரண்டிப் பார்த்துட்டு, "பூச்சு விரிசல்தான் மேடம், ஸ்ட்ரக்சர்ல ஒண்ணும் இல்ல"ன்னுட்டுப் போயிட்டார். 2014 ஜூன்ல மௌலிவாக்கத்துல பதினொரு மாடி சரிஞ்சு அறுபத்தொரு பேர் செத்த ஊர்ல, நகத்தால சுரண்டிச் சொல்ற பதிலை நம்பி நான் அந்தச் சுவரோரம் நின்னு சமைக்கணுமா? எழுதிக் கொடுங்கன்னேன். அந்த எழுத்து இன்னும் வரல.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அஞ்சரைக்கு அம்மா வாசல் தெளிக்கப் போனவங்க அப்படியே நின்னுட்டாங்க. ரெண்டு மணி வாக்குல ஏதோ ஒரு லாரியோட தகடு திரும்பும்போது எங்க கேட் முன்னாடி ஒரு பாண்டு கான்கிரீட் கொட்டியிருக்கு. சரியா கோலம் போடற இடத்துல. அம்மா உள்ள போய்ப் பழைய தோசைக்கரண்டியை எடுத்துட்டு வந்து சுரண்டினாங்க. அப்போ ஈரம் இருந்துச்சு, ஓரமெல்லாம் பேர்ந்து வந்துச்சு. நான்தான் "விடும்மா, அவங்க கொட்டினதை அவங்களே எடுக்கட்டும்"னு பிடிவாதமா சூபர்வைசருக்குப் போன் போட்டேன். "பத்து நிமிஷத்துல ஆள் அனுப்பறேன்க்கா"ன்னான்.

ஏழு மணிக்குப் போன். எட்டரைக்குப் போன். ஆபீஸ்ல லீவு சொன்னேன். இதுக்கு நடுவுல பால் பாக்கெட் வரல, கேட்டா தெருவுக்குள்ள சைக்கிள் நுழைய வழியில்லன்னு முனை வீட்டுத் திண்ணையில வச்சிட்டுப் போயிட்டானாம், நாய் இழுத்துட்டுப் போயிருச்சு. அம்மா கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்திருந்தாங்க.

பதினொண்ணே காலுக்கு அவனே வந்தான், கடப்பாரையோட ஒரு பையனைக் கூட்டிக்கிட்டு. கண்ணெல்லாம் சிவந்து, அவனும் தூங்கியிருக்க மாட்டான். குனிஞ்சு தட்டிப் பார்த்தான். ஷூ முனையால ஒரு உதை விட்டான். அசையல.

"செட் ஆயிருச்சுக்கா. எம்30 கிரேடு கான்கிரீட். இனிமே லேசுல பேராது."

அதைச் சொல்லும்போது அவன் முகத்துல தன் வேலையைப் பத்தின ஒரு சின்னப் பெருமை. அம்மாவுக்குத்தான் முதல்ல சிரிப்பு வந்துச்சு. புடவைத் தலைப்பால வாயை மூடிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாங்க. அதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியல. அந்தத் தம்பி முழிக்கறான், கடப்பாரைப் பையன் எங்களைப் பார்த்து அவனும் சிரிக்கறான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பில்லர் போடறாங்களாம். எத்தனை லோடுன்னு நான் கேக்கல.