வாயைக் கட்டச் சொல்கிறவர்களுக்கு

எடையைக் குறைக்க வேண்டும் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் கிடைக்கும் அறிவுரை "வாயைக் கட்டு" என்பதுதான். காலை நடையில் கூட வருகிறவர் சொல்வார். கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே சித்தப்பா சொல்வார். சொல்கிறவர்களில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்தே ஒல்லி. அவர்கள் எதைக் கட்டினார்கள் என்று நானும் கூர்ந்து பார்த்திருக்கிறேன், ஒன்றையும் கட்டவில்லை. அவர்களுக்குப் பசி அப்படி எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

எடைக் குறைப்பில் பசியைத் தாங்குவதை ஒரு வீரமாக நினைப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. மாலை ஐந்து மணிக்கு ஒருவரைக் கொலைப்பசியில் கொண்டுபோய் நிறுத்தும் உணவுத் திட்டம், எத்தனை பெரிய ஆள் எழுதிக் கொடுத்ததாக இருந்தாலும், மோசமான திட்டம். முதலில் பசிக்கு வழி சொல்ல வேண்டும், பிறகுதான் கலோரிக் கணக்கு.

பசி என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு அதைத் தொடங்கினார். மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றி எடுப்பது என்று உலகம் தெரிந்துகொள்ளத் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். 24 வாரங்கள் அரைவயிற்றுச் சாப்பாடு: உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி, டர்னிப். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் ஏறக்குறையக் கால்பங்கு போனது. அதோடு நிற்கவில்லை. நல்ல மனத்திடம் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். தட்டை நக்கினார்கள். நாள் முழுக்க சூயிங்கம் மென்றார்கள். பேச்சு, நினைப்பு, கனவு எல்லாம் சோறு. கட்டுப்பாடு நீங்கிய பிறகு, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டவர்கள் உண்டு.

அந்தப் பட்டினிக் காலத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் டயட் சார்ட்டுகளில் 1,200 என்று கூசாமல் போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் ஏற்கெனவே ஒல்லியாக இருந்தவர்கள், எங்களிடம் கையிருப்பு நிறைய இருக்கிறது என்று நீங்கள் வாதாடலாம். நியாயம். ஆனால் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கையிருப்பு உள்ளவர்களைப் பற்றியதே. உடல் பருமன் உள்ள 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள். ஓராண்டு கழித்து இரத்தத்தைப் பரிசோதித்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், தொடங்கிய நாளில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாக இருந்தது. அவர்களுக்குப் பசியும் கூடுதலாக இருந்தது. குறைத்த எடை திரும்பி வரும்போது நாம் "கட்டுப்பாடு இல்லாதவன்" என்று பேசுகிறோமே, அந்த மனிதன் ஓராண்டாக எதை எதிர்த்து நின்றுகொண்டிருந்தான் என்று நமக்குத் தெரிவதில்லை.

இனி சமையலறைக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் பேச வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 38 உணவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டார்கள். முதலிடம் எதற்கு? எல்லா டயட் சார்ட்டும் முதலில் விரட்டும் உருளைக்கிழங்குக்கு. வெறுமனே வேகவைத்தது, 323. கடைசியில் குரோசான் என்ற வெண்ணெய் ரொட்டி, 47. ஆரஞ்சும் ஆப்பிளும் 200-ஐ ஒட்டி. மீன் 225. முட்டை 150. "கொழுப்பே இல்லை, நல்லது" என்று கையில் திணிக்கப்படும் பிஸ்கட் வகைகளைவிட இவை எவ்வளவோ மேல். நம்மவர்களுக்கு அதிர்ச்சி தருவது இன்னொன்று: வெள்ளைச் சோற்றுக்கு 138, பழுப்பரிசிச் சோற்றுக்கு 132. சிறிய ஆய்வுதான். ஒவ்வோர் உணவையும் பத்துப் பன்னிரண்டு பேரே சாப்பிட்டுப் பார்த்தார்கள். இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தண்ணீர், நார், புரதம் இவை கூடிய உணவு வயிற்றை நிறைக்கிறது, கொழுப்பு மிகுந்த உணவு கலோரிக்கேற்ப நிறைப்பதில்லை என்ற அதன் சாரம் என் தட்டில் தினமும் பொருந்திவருகிறது. உருளைக்கிழங்கு கெட்ட பெயர் வாங்கியது அது ஊறிக் கிடக்கும் எண்ணெயால். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. எந்த வயிறும் அதை நிறைவு என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே அரிசியைத் திட்டுவது இப்போது நாகரிகமாக இருந்தாலும் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நம் தொந்தரவு பரிமாறும் முறையில் இருக்கிறது. தட்டின் நடுவே சோறு மலையாக நிற்கும். ஓரத்தில் கூட்டும் பொரியலும் ஆளுக்கொரு கரண்டி. அந்தக் கரண்டிகளுக்கு நம் வீட்டில் பெயரே "தொட்டுக்கொள்ள". காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசி. அதோடு சேரும் பருப்போ சாம்பாரில் எங்கேயோ நீந்திக்கொண்டிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வின்படி நம் உணவின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம் போலத்தான். வயிற்றில் நெடுநேரம் நிற்பது புரதம். அதைத் தொட்டுக்கொள்ள வைத்துவிட்டு, நிற்காததை மலையாகச் சாப்பிட்டால் மூன்று மணி நேரத்தில் மீண்டும் பசிக்காமல் என்ன செய்யும்?

என் வீட்டில் செய்த மாற்றம் ஒன்றுதான்: கரண்டியை மாற்றினோம். சோற்றுக்குச் சிறிய கரண்டி, கூட்டுக்குப் பெரிய கரண்டி. கீரையும் பாசிப்பருப்பும் சேர்ந்த கூட்டைக் கொஞ்சம் வெறுமனே சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைப்பது. மீன் குழம்பு வைத்த நாளில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டுகளைப் பிள்ளைகளுக்குத் தள்ளாமல் நாங்களும் இரண்டு சாப்பிடுவது. இட்லியோடு ஓர் அவித்த முட்டை. ஆரம்பத்தில் என் மாமியார் இதை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். "இதெல்லாம் சாப்பாடா, மருந்தா?" என்றார். இப்போது அவரே தட்டைப்பயறு ஊறப்போடுகிறார். அவருடைய சர்க்கரை அளவு குறைந்ததால்தான், என் மேல் உள்ள நம்பிக்கையால் அல்ல.

மாலை நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான டயட்டுகள் உயிரை விடும் நேரம் அது. காலையில் ஓட்ஸ், மதியம் இரண்டு சப்பாத்தி என்று தவம் இருந்துவிட்டு, ஐந்தரை மணிக்கு அலுவலக வாசலில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் விழும் சத்தம் கேட்டால் முனிவரும் நின்றுவிடுவார். அந்த நேரத்தில் மனத்திடம் பற்றிப் பேசிப் பயனில்லை. ஐந்து மணிக்கே ஒரு கிண்ணம் சுண்டலை வயிற்றில் போட்டுவிட வேண்டும். சென்னைக் கடற்கரையில் விற்கிறார்களே தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல், அதில் தேங்காயை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். சுண்டலுக்கு இன்னொரு நற்குணம், அதை மெல்ல வேண்டும். பாக்கெட் சிப்ஸ் வாயில் போட்டதும் கரைந்துவிடுகிறது. எவ்வளவு போனது என்று வயிறு சொல்வதற்குள் பாக்கெட் காலி.

இதையும் அளந்திருக்கிறார்கள். 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடை ஏறியது. சாதாரண உணவின்போது அதே ஆட்களுக்கு எடை இறங்கியது. யாரும் வாயைக் கட்டவில்லை, யாரும் அவிழ்த்தும் விடவில்லை. (வீட்டு முறுக்கு ஆலைப் பண்டம் ஆகாதே என்று சந்தோஷப்பட வேண்டாம். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்த்தால் முடிவு ஒன்றுதான்.)

எல்லாப் பசியும் அவசரப் பசி அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கிரெலின் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறுகிறது. சாப்பிடாவிட்டாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடுகிறது. பதினோரு மணிக்கு டீயும் வடையும் பழகியவருக்குப் பதினோரு மணிக்குச் சரியாக வயிறு கேட்கும். பன்னிரண்டுக்கு அது தானாக அடங்கியிருக்கும். அந்தப் பசியை மோரோ தண்ணீரோ குடித்துக் கடந்துவிடலாம், நேரத்தை மாற்றினால் சில வாரங்களில் பழக்கமும் மாறும். தலை சுற்றி, எரிச்சல் வந்து, எதிரில் இருப்பவரைக் கடித்துத் தின்னும் பசி வேறு. அதைத் தண்ணீர் குடித்து ஏமாற்றப் பார்க்காதீர்கள். தூக்கம் குறைந்தாலும் இந்த இரண்டாம் வகை கூடும். இரவுப் பணி பார்க்கும் பிள்ளைகள் விடியற்காலையில் பரோட்டா தேடுவதில் அவர்கள் குற்றம் குறைவு.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோபமும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள், ஆண்களில் 37. இதைப் படித்துவிட்டு "வீட்டில் சும்மா இருந்தால் அப்படித்தான்" என்று எழுதுகிற ஆண்களை முகநூலில் பார்க்கிறேன். சும்மா இருக்கிற அந்தப் பெண் காலையில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, டீயோடு நிற்கிறாள். பத்தரைக்கு ஆறிப்போன இட்லி. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காரும்போது கூட்டும் பொரியலும் மீனும் காலி; மிஞ்சியது சோறும் குழம்பும். வீணாகிவிடக் கூடாது என்று பிள்ளை வைத்துவிட்டுப் போன தோசையும் அவள் வயிற்றுக்குத்தான். நாள் முழுக்க நேரம் தவறிய பசி, சாப்பிடும்போது புரதம் இல்லாத தட்டு. இதற்கு எந்த டயட் சார்ட் எழுதுவீர்கள்? எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, அவளுக்கான பங்கை முதலிலேயே எடுத்துவைப்பது எந்த மூலிகைப் பொடியையும்விட வேலை செய்யும். மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் கொட்டுங்கள். பாவம் வந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இளைத்தாலும் இங்கே நிம்மதி இல்லை. "என்னம்மா, சர்க்கரை வந்துவிட்டதா?" என்று துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

இப்போது ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. டிர்செபடைட் 2025 மார்ச்சிலும் எடைக்கான செமாகுளூட்டைட் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப் போல நடித்து, போதும் என்ற செய்தியை மூளைக்குக் கொடுப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. இதைப் போட்டுக்கொள்கிறவர்களைச் "சோம்பேறிகள்" என்று கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. வாரம் ஒரு ஊசியில் நாற்பது வருடப் பெரும்பசி அடங்குகிறது என்றால், அது இத்தனை காலம் ஒழுக்கக் குறைவாகவா இருந்தது? அதே சமயம் இது மந்திரமும் அல்ல. செமாகுளூட்டைட் நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. பசி மறந்துபோய்ச் சரியாகச் சாப்பிடாமல் விட்டால் கொழுப்போடு தசையும் கரையும். கடைக்கு வந்தபோது விலையும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கனமாக இருந்தது. மருத்துவர் பார்த்துச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஜிம்மில் பக்கத்து ஆள் சொன்னால் வேண்டாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளோ எடுப்பவர்கள், பதினாறு மணி நேர உண்ணாநிலை போன்றவற்றை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. அவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் பசியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது கொலைக்குச் சமம்.

பலர் என்னிடம் கேட்கும் கேள்வி: இரவு பத்து மணிக்குப் பசித்தால் என்ன செய்வது? சாப்பிடுங்கள். ஒரு கிண்ணம் தயிர், இல்லையென்றால் ஓர் அவித்த முட்டை, இல்லையென்றால் சர்க்கரை போடாத பால். தினமும் பத்து மணிக்குப் பசிக்கிறது என்றால் இரவுச் சாப்பாட்டில் தோசை இருக்கிறது, அதோடு வேறொன்றும் இல்லை என்று அர்த்தம். நாளை அதில் ஒரு தோசையைக் குறைத்து, மதியக் கூட்டில் மிச்சம் இருந்தால் சூடுபண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.