அரசு மாணவர் கடனை வங்கி லைன் ஆஃப் கிரெடிட்டால் அடைக்காதீர்கள்

“கனடாவில் மருத்துவம் படிப்பவர்கள் வங்கியில் லைன் ஆஃப் கிரெடிட் (ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) எடுத்து, அரசு மாணவர் கடனை அடைத்துவிடலாம், வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைமைவிடக் குறைந்த வட்டி, வரிச் சலுகையும் உண்டு” என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பிச் செய்தால் பிறகு மாற்ற முடியாது.

கூட்டாட்சி அரசின் மாணவர் கடனுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டியே கிடையாது. அரசு மாணவர் கடனில் மாகாணத்தின் பங்குக்கு மட்டும் சில மாகாணங்கள் வட்டி வாங்குகின்றன. வங்கியிலோ பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், படிக்கும் காலத்திலும்கூட. அந்த வட்டியை அதே கணக்கிலிருந்து கட்டினால் அசல் ஏறிக்கொண்டே போகும்.

பிரைம் நிலையானதும் அல்ல. 2022 தொடக்கத்தில் 2.45% ஆக இருந்தது, 2023 ஜூலையில் 7.20%. பிரைமுக்குக் கால் சதவீதம் குறைவாக 2,00,000 டாலர் எடுத்தவருக்கு ஆண்டு வட்டி 4,400 டாலரிலிருந்து 13,900 டாலராகியிருக்கும்.

வரிச் சலுகை (வருமான வரிப் படிவத்தில் 31900 எண் வரிசை) அரசு மாணவர் கடன் வட்டிக்குத்தான். அதை வங்கிக் கடனோடு ஒன்றாக்கினால் அந்த உரிமை போய்விடும். வருமானம் குறைந்தால் கிடைக்கும் தவணை உதவித் திட்டமும், பின்தங்கிய ஊர்ப்புறங்களில் பணிபுரியும் குடும்ப மருத்துவர்களுக்கு ஐந்தாண்டுகளில் 60,000 டாலர் வரையிலான கூட்டாட்சிக் கடன் தள்ளுபடியும் அதேபோல் போய்விடும். வங்கிக் கடனுக்கு இவை எதுவும் இல்லை. குடும்ப மருத்துவம் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இதுதான் பெரிய இழப்பு.

முதலில் அரசு கடன், உதவித்தொகை இரண்டையும் முழுதாக எடுங்கள். பற்றாக்குறைக்கு மட்டும் லைன் ஆஃப் கிரெடிட். அதுவும் கட்டணத் தேதி நெருங்கும்போது தேவையான அளவே.