சிரிப்பைத் திருப்தி என்று எழுதாதீர்கள்

எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் பத்து நாள் கியூபாவின் தலைநகர் ஹவானாவைச் சுற்றிவிட்டு, "கையில் காசில்லை, ஆனாலும் எவ்வளவு திருப்தியான மக்கள்!" என்று எழுதியதை மூன்று நாளாகப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தாங்கவில்லை.

சிரிப்பு வேறு, திருப்தி வேறு. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் யார் அழுவார்கள்?

கியூபர்களிடமே கேட்டிருக்கிறார்கள். 2006இல் கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஹவானாவிலும், கியூபாவின் இன்னொரு பெரிய நகரமான சாந்தியாகோவிலும் சுமார் 1,000 பேரைக் கேட்டது. மருத்துவம் எல்லோருக்கும் கிடைக்கிறது என்று 96 சதவீதம் பேர் சொன்னார்கள். தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரத்தில் திருப்தி என்றவர்கள் நான்கில் ஒருவர்தான். 2015இல், அமெரிக்காவுடன் உறவு துளிர்த்த நாட்களில், 1,200 பேரிடம் இன்னொரு கணிப்பு. 79 சதவீதம் பேருக்குப் பொருளாதார முறையில் அதிருப்தி. 55 சதவீதம் பேர் நாட்டைவிட்டுப் போக விரும்பினார்கள். நம்பிக்கை இருந்த காலத்திலேயே இப்படி!

"கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையைப் பேசமாட்டாயா?" என்பீர்கள். பேசுகிறேன். 1962இலிருந்து ஒரு சிறிய தீவின் கழுத்தை நெரிக்கும் கொடுமை அது. ஆனால் அதை எதிர்க்க, அந்த மக்கள் திருப்தியாக இருப்பதாகச் சொல்ல வேண்டுமா? திருப்தியாக இருந்தால் தடையால் யாருக்கு என்ன கேடு? "கல்வி, மருத்துவம்" என்பீர்கள். அதை அவர்களே மறுக்கவில்லையே.

2018இல் ஹவானாவில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "என் லா லூச்சா" என்பார். ஸ்பானிய மொழியில், போராட்டத்தில் இருக்கிறேன் என்று பொருள். அங்கே பலரும் சொல்லும் பதில். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எங்கள் தட்டில் முட்டை, அவர் தட்டில் வெறும் ரொட்டி. அந்தச் சிரிப்பைப் படமெடுத்து நானும் இதே முகநூலில் போட்டேன், 'மகிழ்ச்சியான முகங்கள்' என்று. இன்றும் அது உறுத்துகிறது.

2021 ஜூலை 11 அன்று அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களும் அந்த முகங்கள்தான். 2020 முதல் 2023 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறியதாகக் கியூப அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது. அந்த அம்மாவின் ஒரே மகன் அதில் ஒருவன். நிகரகுவாவுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து தரைவழியாக வடக்கே போனான். எழுபது வயதுக்கு மேல் அவர் தனியாக இருக்கிறார்.

நேற்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். இன்னும் போய்ச் சேரவில்லை. மின்சாரம் இல்லையென்றால் இப்படித்தான். அவர் பதில் வரும்வரையாவது அந்தப் பதிவை எனக்கு அனுப்பாதீர்கள்.