ஹார்வர்டின் முதல் தலைவரும் ஒரு ஞானஸ்நானமும்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் என்றதும் ஜான் ஹார்வர்டைத்தான் சொல்கிறார்கள். 1638-இல் சாகும்போது சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் எழுதிவைத்தார், பெயர் அவருக்குப் போயிற்று. ஆனால் அதைக் கல்லூரியாக நடத்திக் காட்டியவர் ஹென்றி டன்ஸ்டர். என்னைக் கேட்டால் பெயர்ப்பலகை அவருக்குத்தான் சேரவேண்டும்.

1640 ஆகஸ்டில், சுமார் முப்பது வயதில் அவர் தலைவரானபோது கல்லூரி மூடிக் கிடந்தது. தலைவர் என்ற பட்டம் இல்லாமல் அதற்கு முன் கல்லூரியை நடத்திய ஆசிரியர் ஈட்டன், உதவியாளரைத் தடியால் விளாசி வழக்காகி, 1639-இல் நீக்கப்பட்டவர். குடல்கூட எடுக்காத மீனைப் போட்டார்கள் என்று மாணவர்களும் புகார் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்திலிருந்து 1642-இல் 9 பேருக்குப் பட்டம் கொடுத்தார் டன்ஸ்டர்.

பெரிய தலைவலி காசு. அன்றைய மாசசூசெட்ஸ் ஆங்கிலேயக் காலனியில் நாணயமே அரிது. கட்டணம் கோதுமை, மால்ட், வெண்ணெய், ஆடுமாடு என்று பண்டமாக வரும். 1644-இல் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பெக் கோதுமை (சுமார் 9 லிட்டர்) அல்லது 12 பென்ஸ் தரும்படி ஊர் ஊராகக் கேட்டார்கள். சார்ல்ஸ்டவுன் ஓடத்துறை வருமானமும் கல்லூரிக்குத்தான். ஆனால் ஓடமேறியவர்கள் அன்று காசாகப் புழங்கிய சிப்பிமணியில் உடைந்ததையும் கோக்காததையும் தள்ளிவிட்டுப் போனார்கள். உண்டியலில் கிழிந்த நோட்டுப் போடுகிற அதே புத்திதான்!

அவருடைய பெரிய வேலை 1650-ஆம் ஆண்டுப் பட்டயம். தலைவர், 5 ஃபெலோக்கள் (கல்லூரியின் மூத்த உறுப்பினர்கள்), பொருளாளர் என 7 பேர் ஒரு நிர்வாகக் குழு. ஆள் செத்தாலும் போனாலும் சொத்து குழுவின் பெயரில் நிற்கும். இந்த ஏழு பேர் கணக்கு 2010 வரை மாறவில்லை.

பிறகு 1653-இல் தமக்குப் பிறந்த குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோக மறுத்தார். குழந்தைக்கே கொடுத்துவிடுவது அங்கே சபை வழக்கம்; விசுவாசித்து அறிக்கையிட்டவர்களுக்கே ஞானஸ்நானம் என்பது அவர் வாதம். 1654 பிப்ரவரியில் பாஸ்டனில் போதகர்களும் மூப்பர்களும் இரண்டு நாள் உட்கார வைத்து வாதாடிப் பார்த்தார்கள். அசையவில்லை. ஜூலையில், கல்லூரி இருந்த கேம்பிரிட்ஜ் ஊர்ச் சபையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது எழுந்து ஆட்சேபித்தே விட்டார். இது அவசியமில்லாத வேலை என்பது என் எண்ணம். ஆராதனையை நிறுத்தியவரை எந்தச் சபையும் லேசில் விடாது, நம் ஊரிலும்தான். அக்டோபரில் பதவி போயிற்று. மனைவிக்கும் குழந்தைக்கும் உடம்பு சரியில்லை, குளிர்காலம், தாம் பாடுபட்டுக் கட்டிய வீடு என்று கெஞ்சி எழுதி மார்ச் வரை தங்க அனுமதி வாங்கினார்.

அடுத்து வந்த சார்லஸ் சான்சிக்கும் ஞானஸ்நானத்தில் தனிக்கருத்து உண்டு: குழந்தைக்குக் கொடுக்கலாம், ஆனால் தண்ணீரில் முழுக்கிக் கொடுப்பதுதான் சரி. அதை வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு பதவி கொடுத்தார்கள், அவரும் ஏற்றுக்கொண்டார். சான்சி விட்டுவந்த சிச்சுவேட் சபைக்கு டன்ஸ்டர் போய், 1659-இல் இறக்கும்வரை அங்கே ஊழியம் செய்தார். உடலைக் கேம்பிரிட்ஜில் புதைக்கவும், தம் புத்தகங்களைச் சான்சியும் கேம்பிரிட்ஜ் போதகரும் மதிப்பிடவும் உயிலில் எழுதியிருந்தார்.